டிரிப்பர் விழுந்தால், பொறி பறந்தால்: செய்ய வேண்டியதும் தொடக் கூடாததும்

வீட்டில் டிரிப்பர் விழுந்தால் எல்லாரும் பதறுகிறார்கள். அதே வீட்டில் சுவிட்ச் போர்டில் பொறி பறந்தால் "லூஸ் கனெக்‌ஷன்தான், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இது தலைகீழ். டிரிப்பர் விழுந்தது என்றால் எங்கேயோ கோளாறு, அதற்குக் கரண்ட்டும் நின்றுவிட்டது, காரணத்தைத் தேட உங்களுக்கு நேரம் இருக்கிறது. பொறி பறக்கிறது, கருகல் வாடை வருகிறது, ஆனால் டிரிப்பர் விழவில்லை என்றால் அந்தக் கோளாறு இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண எம்சிபிக்கு, அதாவது டிரிப்பர் என்று நாம் சொல்லும் அந்தச் சின்ன சுவிட்சுக்கு, அது தெரியவே தெரியாது. ஏன் தெரியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் அவசரத்துக்கு என்ன செய்வது என்று பார்த்துவிடுவோம்.

இப்போதே பொறி பறக்கிறது என்றால்

பிளக்கிலோ சுவிட்சிலோ பொறி பறந்தால் கை தானாக அந்தப் பிளக்கைப் பிடுங்கத்தான் போகும். பிடுங்காதீர்கள். உள்ளே உருகியிருந்தால் பிளாஸ்டிக் மட்டும் கையோடு வந்து பின்கள் சாக்கெட்டிலேயே நின்றுவிடும், அந்தப் பின்களில் கரண்ட் இருக்கும். நேராக டிபி பாக்ஸுக்கு, அதாவது டிரிப்பர்கள் வரிசையாக இருக்கும் பெட்டிக்கு, போய் மெயினை இறக்குங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும், தரை ஈரமாக இருந்தால் ஒரு உலர்ந்த மரப்பலகை மேல் நில்லுங்கள். பெட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே கையால் இறக்குங்கள். இன்னொரு கை சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ குழாயிலோ படக் கூடாது, ஏனென்றால் ஒரு கையில் ஏறும் கரண்ட் இன்னொரு கை வழியாக இறங்கினால் அது நெஞ்சைக் கடந்துதான் போகும்.

டிபி பாக்ஸே பொறி கக்குகிறது, புகைகிறது, அல்லது மழைத் தண்ணீர் சுவர் வழியாக அதற்குள் இறங்கியிருக்கிறது என்றால் அதன் பக்கத்திலேயே போக வேண்டாம். மீட்டர் பக்கத்தில் தனியாக மெயின் சுவிட்ச் இருந்து, அந்த இடம் உலர்ந்து சரியாக இருந்தால் அதை இறக்கலாம். அடுக்குமாடியில் கீழே மீட்டர் அறையில் இருக்கும். அதுவும் முடியாது என்றால் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மீட்டர் பக்கத்தில் இருக்கும் பீங்கான் கட்-அவுட் ஃபியூஸ் வாரியத்துடையது, அதில் கை வைக்காதீர்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த கேரியரைப் பிடுங்கினால் முகத்துக்கு நேரே பொறி அடிக்கும்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சின்னதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தால் மட்டும் உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். மெயினை இறக்கிவிட்டு அடிப்பதுதான் நல்லது. கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும் 101 அல்லது 112, அவ்வளவுதான், வீட்டுக்குள் நிற்க வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின். மெயின் எட்டாத தூரத்தில் இருந்தால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். அப்புறம் 108. மூச்சு இல்லை என்றால் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறோம்

நம் ஊரில் பல வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கிய உடனே அது வேலையைத் தொடங்கிவிடும், ஃபேனும் லைட்டும் உள்ள லைன்களில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். பொறி பறந்த சுவிட்ச் போர்டு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் மெயினை இறக்கியும் பொறி நிற்காது. ஆகவே மெயினை இறக்கிய கையோடு இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். உங்கள் இன்வெர்ட்டரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்கே எல்லாருக்கும் காட்டி வையுங்கள். மாடியில் சோலார் இருந்தால், பகல் நேரத்தில் பேனலிலிருந்து வரும் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெட்டிக்குள் யார் யார்

டிபி பாக்ஸின் கதவைத் திறந்தால் வரிசையாக சுவிட்சுகள் தெரியும். கதவைத் திறப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திருகாணி போட்டு மூடிய முன்பலகையைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. ஒரு ஓரத்தில் அகலமாக இருப்பது மெயின் ஐசொலேட்டர், அவசரத்துக்கு இறக்கச் சொன்ன மெயின் அதுதான். அதன் பக்கத்தில் 'டி' (T, டெஸ்ட்) என்று எழுதிய சின்ன பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி, பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள். மற்ற ஒல்லியானவை எம்சிபிகள், ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதிக்கு. அவற்றின் மேல் சி16, பி10 என்று எழுதியிருக்கும். எண் ஆம்பியரைச் சொல்கிறது, முன்னால் இருக்கும் எழுத்து எவ்வளவு சட்டென்று விழும் என்பதைச் சொல்கிறது. பி வகை தன் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார், ஏசி போன்றவை ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் அதிகம் இழுக்கும் என்பதால் அவற்றுக்கு சி வகை.

எம்சிபி இரண்டு விதத்தில் விழும். உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை இருக்கிறது. லோடு அதிகமானால் அது சூடாகி வளைந்து, மெதுவாகத் தட்டிவிடும். கூடவே ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. ஷார்ட் ஆகி நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்தால் அது இழுத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துண்டித்துவிடும். ஆர்சிசிபி வேலை முற்றிலும் வேறு. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதா என்று மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, மண்ணுக்குப் போனால், விழுந்துவிடும். லோடு எவ்வளவு ஏறினாலும் ஆர்சிசிபிக்குக் கவலை இல்லை, ஆளுக்கு ஷாக் அடிப்பது பற்றி எம்சிபிக்குக் கவலை இல்லை. அதனால்தான் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். ஒரு கையால் ஃபேஸையும் இன்னொரு கையால் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஆர்சிசிபியாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எது விழுந்தது, எப்போது விழுந்தது

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் இந்த இரண்டைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எம்சிபியை மேலே தூக்கிய அந்த நொடியே டப்பென்று விழுந்தால் ஷார்ட். வயரில், சாக்கெட்டில், அல்லது அந்த லைனில் செருகியிருக்கும் ஏதோ ஒரு பொருளில் ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பல நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு, சில சமயம் எம்சிபியின் திருகாணியே தளர்ந்து அந்தச் சூட்டில் விழுவதும் உண்டு. எம்சிபி எல்லாம் மேலேயே நிற்க ஆர்சிசிபி மட்டும் கீழே இருந்தால் லீக்கேஜ். மழைக்காலத்தில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் மொட்டை மாடி லைட், கேட் லைட், வெளியே இருக்கும் காலிங் பெல் சுவிட்ச், போர் மோட்டார் ஆகியவற்றில் ஒன்றுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. எந்த நேரம் என்றே சொல்ல முடியாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியில்கூட விழுகிறதா? ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள். ஐஸ் கட்டாத வகை ஃபிரிட்ஜில் உறைபனியைக் கரைக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது தானாக அவ்வப்போது ஓடும், அதில் ஈரம் ஏறியிருந்தால் அது ஓடும்போது மட்டும் விழும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் எம்சிபி விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஈருலோகப் பட்டையை 30 டிகிரி வெப்பத்தை வைத்துத்தான் அளவெடுத்திருப்பார்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில், மூடிய பெட்டிக்குள், பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் எம்சிபிகள் அதைவிட எவ்வளவோ சூட்டில் இருக்கும், ஆகவே எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்பே விழலாம். ஏசி ஓடும் நேரமும் அதுதான்.

திரும்பத் தூக்குவது எப்படி

ஒரே ஒரு தடவை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தது எதனால் என்று தெரியாமல் மறுபடி மறுபடி தூக்கினால், ஒவ்வொரு தடவையும் அந்த ஷார்ட் இருக்கும் இடத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து வயரின் மேலுறை இன்னும் கொஞ்சம் எரிகிறது, எம்சிபியின் உள் முனைகளும் தேய்கின்றன.

முதலில் வாடை பாருங்கள். பெட்டியில் கருகல் வாடை, பழுப்புக் கறை, கதவில் சூடு இருந்தால் தூக்கவே வேண்டாம். அப்படி எதுவும் இல்லை என்றால், விழுந்த எம்சிபி எந்த இடத்துக்கானதோ அங்கே செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. நம் போர்டுகளில் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும், நியூட்ரலும் எர்த்தும் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு அயர்ன் பாக்ஸ் சுவிட்சை அணைத்த நிலையிலும் ஆர்சிசிபியைத் தள்ளிவிடும். பிளக்கையே உருவினால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், பட்டை ஆற வேண்டும். விழுந்த எம்சிபியின் நெம்புகோல் சில வகைகளில் முழுவதும் கீழே வராமல் நடுவில் நிற்கும், பலர் அதைப் பார்த்து "எல்லாம் மேலேதானே இருக்கிறது" என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். அதை முதலில் கீழே முழுவதும் அழுத்தி, அது கிளிக் என்று உட்கார்ந்த பிறகு மேலே தூக்க வேண்டும். ஆர்சிசிபிக்கும் அப்படித்தான்.

இப்போது நின்றுவிட்டால் வயரிங் பெரும்பாலும் சரி, பொருளில்தான் கோளாறு. சுவிட்சை அணைத்து, பிளக்கைச் செருகி, பிறகு சுவிட்சைப் போட்டு, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான். அதை எடுத்து ஓரமாக வைத்து, யாரும் மறுபடி செருகிவிடாதபடி வயரைச் சுற்றிக் கட்டி வையுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் எம்சிபி நிற்கவில்லை என்றால் கோளாறு சுவருக்குள். உங்கள் வேலை அத்தோடு முடிந்தது, அந்த எம்சிபியை இறக்கியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆர்சிசிபி விழுந்திருந்தால் முறை கொஞ்சம் மாறும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன். அந்த லைனுக்குள் மேலே சொன்னபடி பொருள்களைப் பிரித்துப் பாருங்கள். என் கணிப்பில் முதல் சந்தேகம் எப்போதும் வாட்டர் ஹீட்டர் மேல்தான் போக வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஹீட்டரின் காயில் மேல் சுண்ணாம்பு தடித்துப் படிந்து, உறை வெடித்து, தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டுவிடும். அப்போது குளிக்கும் தண்ணீரிலேயே கரண்ட் வரும். அடுத்து வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், மோட்டார். எல்லா எம்சிபியையும் இறக்கியும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்சிசிபியே போய்விட்டது, எப்படியானாலும் எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக இன்வெர்ட்டர் போட்ட மறுநாளிலிருந்து ஆர்சிசிபி விழுகிறது என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் ஈபி லைனின் நியூட்ரலையும் போர்டுக்குள் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஒரு வழியாகப் போன கரண்ட் இன்னொரு வழியாகத் திரும்பும். ஆர்சிசிபி கண்ணுக்கு அது லீக்கேஜ். இதற்குத் தீர்வு நியூட்ரலைப் பிரித்துக் கட்டுவதுதான். "ஆர்சிசிபியை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துடறேன் சார், தொந்தரவே இருக்காது" என்று சொல்லும் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் பிள்ளைக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு கருவிதான், அதை எடுக்கச் சொல்ல எந்தத் தொந்தரவும் காரணமாகாது.

சமையலறைக் கணக்கு

ஓவர்லோடைக் கண்டுபிடிக்க வகுத்தல் தெரிந்தால் போதும். பொருளின் அடியில் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர், 1500 வாட்ஸ் கெட்டில் 6.5, 750 வாட்ஸ் மிக்ஸி 3.3. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 18.5 ஆம்பியர். சி16 எம்சிபி இதற்கு உடனே விழாது. 16-ஐப் போல 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, அது ஒரு மணி நேரம் தாங்கித்தான் ஆக வேண்டும், 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் தரவிதி. நடுவில் இருக்கும் இந்த 18.5 எப்போது விழும் என்று சொல்ல முடியாது. காலை ஏழரை மணிக்கு இட்லிக்கு சட்னி அரைக்கும்போது தினமும் விழுந்து, மத்தியானம் ஒரு தடவைகூட விழாமல் இருக்கும் மர்மம் பெரும்பாலும் இதுதான். தீர்வு சுலபம்: இரண்டு பெரிய ஹீட்டர் சமாச்சாரங்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள், அல்லது அடுப்புக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள்.

செய்யவே கூடாத தீர்வு ஒன்று உண்டு, அதுதான் ஊரெல்லாம் நடக்கிறது. 16 விழுகிறதா, 32 போட்டுவிடு. எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. 1.5 சதுர மில்லி மீட்டர் வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, ஏசிக்கும் ஹீட்டருக்கும் இழுக்கும் 4-க்கு 20 அல்லது 25 என்பது பாதுகாப்பான வழக்கம். 2.5 வயரில் 32 எம்சிபியைப் போட்டால் 30 ஆம்பியர் போகும்போது எம்சிபி நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், வயர் பைப்புக்குள் வெந்துகொண்டிருக்கும். வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கேரியரில் ஒரு இழைக்குப் பதில் நாலு இழை கம்பியை முறுக்கிப் போடுவதும் இதே தப்புதான். அப்படிப்பட்ட வீட்டில் இருந்தால், செலவு பார்க்காமல் ஒரு சின்ன டிபி பாக்ஸுக்கு மாறிவிடுங்கள்.

பொறியை எம்சிபி ஏன் பார்ப்பதில்லை

ஒரு 3000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதன் சாக்கெட்டில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 17 வாட்ஸ். கடுகளவு இடத்தில் 17 வாட்ஸ் சூடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். இவ்வளவு நடக்கும்போதும் லைனில் போவது அதே 13 ஆம்பியர், திரும்புவதும் அதே 13. எம்சிபியும் சும்மா இருக்கும், ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். சூடு ஏற ஏற இணைப்பு இன்னும் தளரும், தளரத் தளரப் பொறி வரும், பொறி உலோகத்தை அரித்துக் கறுக்க வைக்கும், தடை இன்னும் கூடும்.

அப்படிப்பட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் ஒரே ஒரு துளையைச் சுற்றி மட்டும், ஃபேஸ் துளையோ நியூட்ரல் துளையோ, தேநீர் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், பிளக்கின் அந்தப் பின் மட்டும் கறுத்திருக்கும். போர்டைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் அந்த முனையில் செம்புக் கம்பி கறுத்து, திருகாணி நீலம் பாய்ந்து, மேலுறை ஒரு விரல் நீளத்துக்கு விறைத்துப்போய், வளைத்தால் ஓடு மாதிரி உடையும். இதெல்லாம் ஒரு நாளில் நடப்பதில்லை, பல மாதமாக அந்த வீட்டில் தினமும் இரண்டு வேளை வெந்நீர் போட்டபோதெல்லாம் நடந்தது.

ஆகவே பொறியை டிரிப்பருக்கு விட்டுவிடாமல் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹீட்டரோ ஏசியோ அரை மணி நேரம் ஓடிய பிறகு, உலர்ந்த புறங்கையைப் பிளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த சாக்கெட்டை அன்றைக்கே நிறுத்துங்கள். சுவிட்ச் போர்டு பக்கம் மீன் வாடை மாதிரி ஒன்று வந்தால், சமையலறையில் மீனே இல்லை என்றால், அது சூடாகும் பிளாஸ்டிக்கின் வாடை, அலட்சியம் செய்யாதீர்கள். உஸ் என்றோ கிர் என்றோ சத்தம், ஃபேன் ஓடும்போது லைட் மினுக்குவது, சுவிட்சைத் தொட்டால் லைட் அணைந்து எரிவது எல்லாம் தளர்ந்த இணைப்பின் அறிகுறிகள்.

எல்லாப் பொறியும் ஆபத்தில்லை. சுவிட்ச் போடும் கணத்தில் உள்ளே சின்னதாக நீலமாக ஒரு மின்னல் தெரிந்து மறைவதும், லேப்டாப் சார்ஜரைச் செருகும்போது ஒரு சொடுக்கு வருவதும் இயல்பு. மஞ்சளாகப் பொறி வந்தால், ஒரு கணத்தைத் தாண்டி நீடித்தால், சத்தமோ வாடையோ கூட வந்தால், ஒவ்வொரு தடவையும் முன்பைவிடப் பெரிதாக வந்தால் இயல்பில்லை. பிளக்கைச் செருகும் முன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருந்தாலே பாதிப் பொறியைத் தவிர்க்கலாம். 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழைக்க உதவும் அந்த மலிவு கன்வெர்ட்டரை மட்டும் தயவுசெய்து வீட்டை விட்டு வெளியே எறிந்துவிடுங்கள். அதில் இண்டக்‌ஷனையும் ஹீட்டரையும் மாட்டுவதுதான் நான் பார்த்த கருகிய சாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை.

பல்லிக்கும் இதில் பங்கு உண்டு. வயர் பைப் வரும் துளைகளை மூடாமல் விட்டால் பல்லியும் எறும்பும் டிபி பாக்ஸுக்குள் குடியேறும், இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் போதும். அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வரும்போது அந்தத் துளைகளை அடைக்கச் சொல்லுங்கள்.

லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்தால்

இது டிரிப்பர் விஷயமில்லை, ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் சில லைட்டுகள் அளவுக்கு மீறிப் பளிச்சென்றும் சில மங்கியும் எரிந்தால், ஃபேன் வெறித்தனமாகச் சுற்றினால், நியூட்ரல் கட். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறலாம், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் வரிசையாகப் போய்விடும், சில சமயம் தீயும் பிடிக்கும். எம்சிபி வோல்டேஜைப் பார்க்காது. என்ன ஏது என்று யோசிக்காமல் உடனே மெயினை இறக்கிவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள், ஒரே கம்பத்திலிருந்து போகும் லைன் என்றால் அவர்களுக்கும் அதே கதிதான்.

எலக்ட்ரீஷியன் வந்த பிறகு

"பார்த்துச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். டிபி பாக்ஸில் எல்லாத் திருகாணியையும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லீக்கேஜ் என்றால் மெகர் (வயரின் மேலுறை கரண்ட்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து அளந்தாரா, ஊகமாகச் சொல்கிறாரா என்று கேளுங்கள். டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு "எர்த் நல்லா இருக்கு" என்று சொல்ல முடியாது. எர்த் எப்போது பார்த்தது என்று உங்களுக்கே நினைவில்லை என்றால் அதையும் அளக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும்தான், ஆனால் எர்த் இருந்தால் லீக் ஆனதுமே விழும், இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். மூன்றாவது பின்னை வெட்டிவிட்ட பிளக் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கும் எம்சிபி, ஆர்சிசிபி, வயர் எல்லாவற்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். கருகிய சாக்கெட்டை மாற்றும்போது, விறைத்துப்போன வயரையும் நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டச் சொல்லுங்கள். பழைய கருகிய முனையிலேயே புது சாக்கெட்டை மாட்டினால் அடுத்த வருடம் அதுவும் கருகும். வாடகை வீடு என்றால் கருகிய சாக்கெட்டைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். "டிரிப் ஆகுது" என்று வாயால் சொல்வதைவிட அந்தப் படத்துக்கு வேகமாக ஆள் வரும்.

அவர் கிளம்பும் முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்து, எது எந்த அறைக்கு என்று ஒரு தாளில் எழுதி டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அந்தத் தாளிலேயே உங்கள் மின் இணைப்பு எண்ணையும் எழுதுங்கள், மின்னகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் ஆர்சிசிபியின் 'டி' பட்டனை அவர் முன்னாலேயே அழுத்துங்கள். அழுத்திய கணமே விழ வேண்டும். விழவில்லை என்றால் அவரை அனுப்பாதீர்கள், புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நீங்களே அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.